பழைய கார் டேஷ்போர்டு பாகங்களைச் செய்துகொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, விருதுநகர், திண்டுக்கல், காரைக்குடி வட்டாரத்தில் பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஜீப் வைத்திருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பிஸ்டன், பிரேக் சாமான் எல்லாம் எப்படியோ தேடினால் அகப்பட்டுவிடும். ஒரு வைப்பர் நாப் (சுவிட்சைத் திருகவோ இழுக்கவோ பிடிக்கும் குமிழ்), மீட்டரைச் சுற்றியுள்ள வளையம், கிளவ் பாக்ஸ் மூடி இவைதான் அகப்படாது. அம்பாசடர் 2014 வரை வந்தது உண்மை. ஆனால் கடைசிக் கால வண்டியின் டேஷ்போர்டும் மார்க் 2 வண்டியின் டேஷ்போர்டும் வேறு வேறு. ஒன்றின் சாமான் மற்றொன்றில் உட்காராது.

உடைந்த நாப் கையில் இருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஒட்டக்கூடாது. தேய்க்கவும் கூடாது. முதல் வேலை அளவெடுப்பது. வெர்னியரால் விட்டம், உயரம், துளையின் ஆழம், உள்பக்கப் படிகள் எல்லாவற்றையும் 0.1 மி.மீ. வரை குறித்துக்கொள்ளுங்கள். ஒரே விட்டத்தை மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். ஐம்பது வருடப் பிளாஸ்டிக் சுருங்கிக் கோணியிருக்கும், மூன்று அளவும் ஒன்றாக இருக்காது. அதே வண்டியில் கெடாத இன்னொரு நாப் இருந்தால் அதையும் அளந்து ஒப்பிடுங்கள். ஸ்கேல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து நேர் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுத்து வையுங்கள். துண்டுகளை ஒன்றுவிடாமல் டப்பாவில் போட்டுப் பெயர் எழுதுங்கள். கழுவித் தள்ளிவிட்ட சிறு துண்டில்தான் எழுத்தோ கோடோ இருந்திருக்கும்.

கழற்றும்போதுதான் பல நாப்கள் உடைகின்றன. பிரிட்டிஷ் வழி வந்த வண்டிகளின் சுவிட்சுகளில் நாப்பின் கழுத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை இருக்கும். அதற்குள் ஸ்பிரிங் வைத்த சிறு முனை இருக்கிறது. கம்பியால் அதை உள்ளே அழுத்திக்கொண்டே இழுத்தால் நாப் கையோடு வரும். துளை தூசியால் மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அது தெரியாமல் பிளையரால் இழுப்பவர்கள் சுவிட்சையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள்.

பழைய பாகம் எந்தப் பொருள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெந்நீரில் அரை நிமிடம் முக்கி எடுத்து முகர்ந்து பாருங்கள். பினாயில் போன்ற காரவாடை வந்தால் பேக்கலைட் என்ற பழங்காலக் கெட்டிப் பிளாஸ்டிக். அது உருகாது, பிளந்தால் எப்பாக்ஸியால் ஒட்டலாம். புளித்த காடி வாடை வந்தால் செல்லுலோஸ் அசிடேட். அது தானாகவே சிதையும் பொருள், ஒட்டிப் பயனில்லை. முழுதாக இருக்கும்போதே அச்சு எடுத்துவிடுங்கள். வாடை எதுவும் இல்லாமல், அசிட்டோன் பட்டால் பிசுபிசுக்கிறது என்றால் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்.

உலோகம் போல் கனத்து, உடைந்த இடத்தில் சாம்பல் நிறமாக மணல்மணலாகத் தெரிந்தால் அது துத்தநாக வார்ப்பு. காந்தம் ஒட்டாது. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறது.

3டி பிரிண்ட் போட்டு அப்படியே மாட்டிவிடலாமா?

பிரிண்டுக்கு வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் மதுரை வெயிலில் நிற்காது. அது 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் கண்ணாடி ஏற்றி வெளியே நிறுத்திய காரின் டேஷ்போர்டு மேற்பரப்பு 70 டிகிரியைத் தாண்டும். நாப் கழுத்தில் குழைந்து சாயும், மீட்டர் வளையம் முட்டை வடிவமாகும். பிஇடிஜி என்ற இன்னொரு பிளாஸ்டிக் 80 டிகிரி வரை தாங்கும். டேஷ்போர்டுக்கு அதுவும் விளிம்புதான். பிரிண்டையே மாட்டுவதென்றால் ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் கேளுங்கள். 100 டிகிரி வரை தாங்கும், வெயிலுக்கு வெளுப்பதும் ஏபிஎஸ்ஸை விடக் குறைவு. சுவர்த் தடிமன் 3 மி.மீ.க்குக் குறையக்கூடாது.

அடுக்குகள் எந்தத் திசையில் படுகின்றன என்பதையும் பிரிண்ட் போடுபவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். இழுக்கும் நாப்பை நிற்க வைத்துப் பிரிண்ட் போட்டால் கழுத்து சரியாக அடுக்கின் இடையில் அறுந்துவிடும். படுக்க வைத்துப் போட வேண்டும்.

பிரிண்டை மூலப் பிரதியாக மட்டும் வைத்துக்கொண்டு, பட்டி பூசித் தேய்த்து, அதிலிருந்து அச்சு எடுத்து வார்ப்பதே எங்கள் கருத்தில் சிறந்த வழி. மேற்பரப்பில் அடுக்குக் கோடுகள் தெரியாது. பொருளையும் நம் விருப்பப்படி தேர்ந்தெடுக்கலாம்.

சிலிக்கான் அச்சில் நாப் வார்ப்பது எப்படி?

மூலப் பிரதி முதலில் குறையின்றித் தயாராக வேண்டும். உடைந்ததை ஒட்டி, குறைந்த இடத்தைக் கார் பட்டியால் நிரப்பி, 400, 800, 1200 என்று தண்ணீர் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து முடியுங்கள். சிலிக்கான் விரல்ரேகையைக்கூடப் பிரதி எடுக்கும். மூலத்தில் உள்ள கீறல் ஒவ்வொரு வார்ப்பிலும் வரும்.

30 மி.மீ. விட்டமுள்ள நாப்புக்கு 50 மி.மீ. சதுரத்தில், 45 மி.மீ. உயரத்தில் அட்டைப் பெட்டியோ அக்ரிலிக் பெட்டியோ போதும். நாப்பைத் தலை மேலே இருக்கும்படி அடித்தட்டில் ஒட்டுங்கள். சுற்றிலும் குறைந்தது 10 மி.மீ. இடைவெளி வேண்டும். இந்தப் பெட்டிக்கு ஏறக்குறைய 120 கிராம் சிலிக்கான் பிடிக்கும். கடைகளில் எளிதில் கிடைக்கும் சிலிக்கானுக்கு ஹார்டனர் 100-க்கு 2 முதல் 3 கிராம். டப்பாவில் போட்டிருக்கும் அளவே முடிவானது. சொட்டுக் கணக்கு வேண்டாம், 0.1 கிராம் காட்டும் நகைத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். ஹார்டனர் கூடினால் அச்சு சீக்கிரம் இறுகும், ஆனால் வறண்டு கிழியும். சித்திரை மாதத்தில் நண்பகலில் கலக்காதீர்கள். காலை ஆறு, ஏழு மணிக்குக் கலந்தால் குமிழி மேலேறி வெளியேற நேரம் கிடைக்கும்.

கலந்ததை நாப்பின் மேல் நேராகக் கொட்டாமல் பெட்டியின் ஒரு மூலையில் நூலாக ஊற்ற வேண்டும். அது தானே மெதுவாக ஏறி நாப்பை மூடட்டும். வாக்குவம் பம்பு வைத்திருப்பவர்கள் சிலிக்கான் பொங்கி மூன்று நான்கு மடங்கு உயரும் என்பதை நினைவில் வைத்துப் பெரிய பாத்திரம் எடுங்கள்.

ஒரு நாள் கழித்து அச்சைப் பிளேடால் பக்கவாட்டில் வளைந்து நெளிந்து கீறி நாப்பை எடுங்கள். கீறல் நேர்கோடாக இருந்தால் மறுபடி சேர்க்கும்போது ஏறி இறங்கி உட்காரும். நெளிவு இருந்தால் இரு பாதியும் தானே பூட்டிக்கொள்ளும்.

வார்ப்பதற்கு இரண்டு பாகப் பாலியூரித்தேன் ரெசின் பொருத்தமானது. வெயில் தாங்கும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள். 80 டிகிரி தாங்காத ரெசின்களும் உண்டு. சாதாரண எப்பாக்ஸி அறை வெப்பத்தில் இறுகினால் 50, 60 டிகிரியிலேயே இளகும். அதையே 70, 80 டிகிரி சூட்டில் மூன்று நான்கு மணி நேரம் வைத்து எடுத்தால்தான் தேறும். ஒரு நாப்புக்கு 20 கிராம் ரெசின் போதும். கலந்த பின் மூன்று முதல் ஐந்து நிமிடமே கையில் நேரம். நம்மூர் வெப்பத்தில் அதுவும் குறையும்.

தண்டு நுழையும் துளையை ரெசினில் அப்படியே விடாதீர்கள். லேத்தில் கடைந்து, வெளிப்பக்கம் சொரசொரப்பாக வெட்டிய ஒரு பித்தளைப் புஷ்ஷை (சிறு குழலை) அச்சுக்குள் குச்சியில் நிறுத்தி, அதைச் சுற்றி ரெசின் ஊற்றுங்கள். மரையும் பிடிப்பும் பித்தளையில் இருக்கும், ரெசின் வடிவத்தை மட்டும் தரும். இந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான் பல வார்ப்பு நாப்கள் சில மாதங்களில் சுற்றத் தொடங்குகின்றன.

அச்சு சுருங்குவதையும் கணக்கில் எடுங்கள். இந்த வகைச் சிலிக்கான் நாளாக நாளாக அரை சதவீதம் அளவுக்குச் சுருங்கும். 40 மி.மீ. பாகத்தில் அது 0.2 மி.மீ.; நாப்புக்குப் பரவாயில்லை, மீட்டர் வளையத்துக்குப் பொருந்தாமல் போகும். வளையத்துக்கு விலை கூடிய பிளாட்டினம் வகைச் சிலிக்கான் வாங்குங்கள், அது சுருங்குவதே இல்லை எனலாம். ஆனால் கந்தகம் கலந்த களிமண், ரப்பர் கையுறை, சரியாகக் காயாத ரெசின் பிரிண்ட் இவற்றில் பட்டால் அது அந்த இடத்தில் இறுகாமல் பசையாகவே நிற்கும். சிறு துளி தடவிச் சோதித்துவிட்டுப் பெட்டியில் ஊற்றுங்கள்.

வார்ப்பு முழுவதும் நுரையாக வருகிறது. ஏன்?

ஈரம். பாலியூரித்தேனின் ஒரு பாகம் தண்ணீரோடு சேர்ந்தால் வாயு கிளப்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து வைத்த டப்பா, காயாத நிறப்பொடி, ஈரக் கலக்குக் குச்சி எல்லாமே காரணம். மரக்குச்சிக்குப் பதில் பிளாஸ்டிக் குச்சி எடுங்கள். டப்பாவைப் பயன்படுத்தியதும் இறுக மூடிச் சிலிக்கா ஜெல் போட்ட டின்னில் வையுங்கள். ஊசித்தலை அளவுக் குமிழிகள் மட்டும் என்றால் அது காற்று. அழுத்தப் பானையில் 40 முதல் 60 பிஎஸ்ஐ கொடுத்து இறுக விட்டால் மறையும்.

இந்த ரெசினின் ஆவி மூச்சுக்குழலுக்குக் கெடுதல். திறந்த வெளியில், கையுறையோடு செய்யுங்கள். இழைப்பு உள்ளவர்கள் அருகிலும் நிற்க வேண்டாம்.

தந்த நிற நாப் வேண்டும். ரெசினில் அந்த நிறம் வருமா?

வரும், ஆனால் நிற்காது. சாதாரணப் பாலியூரித்தேனும் எப்பாக்ஸியும் வெயிலில் மஞ்சளிக்கும். மேலே வெயில் தடுப்பு உள்ள இரண்டு பாகக் கிளியர் கோட் அடித்தால் பல வருடம் தாங்கும். கறுப்பு நாப்புக்கு இந்தக் கவலை இல்லை. நிறப்பசை எடையில் 2, 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரெசின் இறுகாது.

மரை பொருந்தவே இல்லை. என்ன மரை அது?

நம்மூரில் மிக அதிகமாகக் கெடுவது இதனால்தான். வண்டி எந்த நாட்டு வடிவமைப்போ அந்த நாட்டு மரை.

அம்பாசடரின் தாய் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3. ஹெரால்டு டிரையம்பின் பிள்ளை. இவற்றின் பழைய மீட்டர்களிலும் சுவிட்சுகளிலும் பிஏ மரை (பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற பழைய அளவு முறை) வரும். 2 பிஏ என்றால் வெளிவிட்டம் 4.7 மி.மீ., மரை இடைவெளி 0.81 மி.மீ., கோணம் 47.5 டிகிரி. 4 பிஏ என்றால் 3.6 மி.மீ., 0.66 மி.மீ. பத்மினி பியட் 1100 வழி வந்தது, அதில் மெட்ரிக். ஜீப் அமெரிக்க வழி, 8-32, 10-32 போன்ற அளவுகள் (முதல் எண் பருமனைக் குறிக்கும், இரண்டாவது அங்குலத்துக்கு எத்தனை மரை என்பது). பிற்காலத்தில் உள்நாட்டில் செய்த மீட்டர்கள் மாட்டிய அம்பாசடரில் மெட்ரிக்கும் கலந்து கிடக்கும், ஆகவே வண்டியின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஏமாற்றுவது எது தெரியுமா? 2 பிஏ, 10-32, மெட்ரிக் 5 மூன்றும் கண்ணுக்கு ஒன்றுதான். 10-32-இன் விட்டம் 4.83 மி.மீ., இடைவெளி 0.79. மெட்ரிக் 5-க்கு 5.0, 0.8. ஒன்றின் நட்டு மற்றொன்றில் இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு இறுகும். ‘கொஞ்சம் டைட்’ என்று ஸ்பேனர் போட்டால் மீட்டரின் பித்தளைத் தண்டு மரை மழுங்கிப் போகும், மீட்டரே வீண். மரை கேஜ் வைத்துப் பாருங்கள், 47.5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் உள்ள வேறுபாடு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். பிஏ டேப் உள்ளூரில் அகப்படாவிட்டால் வரவழைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று அளவு டேப் வாங்கும் செலவு ஒரு பழைய மீட்டரின் விலைக்கு முன் ஒன்றுமில்லை.

சுற்றும் நாப்களில் தண்டின் விட்டமும் இரண்டு வகை: 6 மி.மீ., கால் அங்குலமான 6.35 மி.மீ. கால் அங்குலத் துளையுள்ள நாப்பை 6 மி.மீ. தண்டில் மாட்டி டேப் சுற்றி இறுக்குவதை விட, மெல்லிய பித்தளைக் குழலை இடையில் செருகுவது நேர்மையான வேலை.

குரோம் வளையங்களைப் பித்தளையில் செய்யலாமா?

தாராளமாக. மதுரையில் கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் நல்ல கடைசல்காரர்கள் இருக்கிறார்கள். மெல்லிய வளையத்தைக் கட்டையான பித்தளையிலிருந்து கடைவது வீண், 0.8 மி.மீ. பித்தளைத் தகட்டைச் சூடாக்கி இளக்கி, மர அச்சின் மேல் சுழல வைத்து அழுத்தி மடிப்பதே முறை. பாத்திரம் செய்பவர்களுக்குத் தெரிந்த வேலைதான் இது.

முலாம் போடுமுன் இரண்டு விஷயம். மெருகேற்றும் சக்கரம் 0.1 மி.மீ. வரை தின்னும், நுண்ணிய கோடுகளை ஆழமாகவே வெட்டுங்கள். இரண்டாவது, நிக்கல் 15 மைக்ரான் ஏறினால் மரையின் பக்கவிட்டம் (மரைப் பல்லின் நடு உயரத்தில் அளக்கும் விட்டம்) 0.06 மி.மீ. பெருக்கும், சாதாரண வெளிவிட்டம் பெருப்பதைப் போல இரு மடங்கு. மரை உள்ள இடத்தை மெழுகால் மூடச் சொல்லுங்கள். பளபளப்பைத் தருவது நிக்கல்; மேலே வரும் குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நிக்கலில் சிக்கனம் பிடித்தால் ஒரு மழைக்காலத்தில் பச்சை பூக்கும்.

பிளாஸ்டிக் பாகத்தை இதே தொட்டியில் போட முடியாது. அதற்கு வேறு முன்வேலை வேண்டும், சாதாரண முலாம் கடையில் அது இல்லை.

பழைய துத்தநாக வார்ப்பு வளையம் புள்ளிபுள்ளியாகப் பொங்கியிருந்தால் கேஸ் வெல்டிங் காட்டாதீர்கள். 380 டிகிரியிலேயே உருகி ஓடிவிடும். முலாமை நீக்கி, குழிகளைச் சுரண்டி, செம்பு முலாம் பல முறை ஏற்றித் தேய்த்து நிரப்ப வேண்டும். விரிசல் உடம்பெங்கும் ஓடி, விரலால் அழுத்தினால் உதிர்கிறது என்றால் வார்ப்பே நோயுற்றது. அதைச் சரிசெய்ய வழியில்லை, அன்றே அச்சு எடுங்கள்.

சிறிய சின்னங்கள், லீவர் முனைகள், எழுத்துகள் என்றால் மதுரை தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகைக்கு மெழுகு வார்ப்பு செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மோதிரத்துக்கு எடுக்கும் அதே ரப்பர் அச்சு, அதே மெழுகு. தங்கத்துக்குப் பதில் பித்தளை. ரப்பர், மெழுகு, உலோகம் மூன்றும் சுருங்குவதால் மொத்தம் 3 முதல் 5 சதவீதம் சிறுத்து வரும். மூலத்தை அந்த அளவு பெரிதாகச் செய்துகொள்ளுங்கள்.

மீட்டர் டயல் வெளுத்துவிட்டது. புதிதாக அச்சடிக்கலாமா?

முதலில் ஒரு எச்சரிக்கை. இரண்டாம் உலகப்போர்க் கால ஜீப்களின் மீட்டர்களிலும் அந்தக் காலத்து வேறு சிலவற்றிலும் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள். இப்போது ஒளிராது, பழுப்பாகத் தெரியும், ஆனால் கதிர்வீச்சு குறைந்திருக்காது. அந்த டயலைச் சுரண்டவோ ஊதவோ கூடாது, திறக்காமல் விட்டுவிடுங்கள்.

மற்றவற்றை 600 டிபிஐ அல்லது அதற்கு மேல் ஸ்கேன் எடுத்து, அதன் மேல் கோடுகளைப் புதிதாக வரைய வேண்டும். பக்கத்தில் இரும்பு ஸ்கேலை நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்து ஸ்கேன் செய்தால் இயந்திரம் இழுத்திருப்பது தெரியும். ஸ்டிக்கர் அச்சு வெயிலில் ஓரம் சுருண்டு முள்ளைத் தடுக்கும். 0.5 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யுங்கள். பழைய டயலைவிடத் தடிமன் கூடினால் முள் உரசும்.

டயலில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். ஒரு மைலுக்கோ கிலோமீட்டருக்கோ கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது அது. அதை விட்டுவிடாதீர்கள், வேறு வண்டி டயலையும் மாட்டாதீர்கள். முள்ளைக் கழற்றுமுன், அதை நிறுத்தும் ஆணிக்கு மேலாகத் தூக்கி விட்டுப் பாருங்கள். முள் ஆணிக்குக் கீழே எங்கே போய் நிற்கிறதோ அதுதான் உண்மையான பூஜ்யம். அந்த இடத்தைக் குறித்து, அங்கேயே திரும்ப மாட்டினால்தான் வேகம் சரியாகக் காட்டும். ஓடிய தூரம் காட்டும் எண்களை மாற்ற வேண்டாம், படம் எடுத்து வையுங்கள்.

கண்ணாடி உடைந்திருந்தால் 2 மி.மீ. கண்ணாடியே வெட்டிப் போடுங்கள். அக்ரிலிக் துடைக்கத் துடைக்க மின்னேற்றம் பெற்று முள்ளைத் தன் பக்கம் இழுக்கும்.

மரப் பலகை செய்து மாட்டினேன். மீட்டர்கள் தாறுமாறாகக் காட்டுகின்றன.

எர்த் போய்விட்டது. தகர டேஷ்போர்டில் மீட்டரும் பல்பும் உடம்பின் வழியே எர்த் பெறும். மரமோ பைபரோ வந்தால் அந்த வழி அடைபடும். ஒவ்வொரு மீட்டரின் உடம்பிலிருந்தும் 1 சதுர மி.மீ. கறுப்பு ஒயர் எடுத்து வண்டி உடம்பில் பெயிண்ட் சுரண்டிய இடத்தில் இறுக்குங்கள். பெட்ரோல், சூடு மீட்டர்களுக்கு 10 வோல்ட் தரும் சிறு ஸ்டெபிலைசர் உள்ள வண்டிகளில் அதற்கும் எர்த் கட்டாயம். இல்லாவிட்டால் இரண்டு மீட்டரும் சேர்ந்து உச்சத்துக்குப் போகும்.

பலகைக்கு ஐஎஸ் 710 மரைன் பிளைவுட் 9 மி.மீ., மேலே 0.5 மி.மீ. தேக்கு வெனீர். காரைக்குடியில் பழைய வீட்டுப் பர்மா தேக்கு கிடைத்தால் நல்லதுதான், நன்கு உலர்ந்தது, கோணாது. தேக்கில் எண்ணெய் உண்டு. ஒட்டுமுன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் வெனீர் உப்பிக் கிளம்பும். பின்பக்கமும் ஓரங்களும் துளைகளின் உட்புறமும் பாலிஷ் பெற வேண்டும். முன்பக்கம் மட்டும் பூசிய பலகை மழைக்காலத்தில் வளையும்.

மேல் ரெக்சின் வெடித்துவிட்டது.

சீட் கவர் கடைக்காரரிடம் கொடுக்கலாம், ஆனால் பசையை நீங்கள் சொல்லுங்கள். சாதாரண ரப்பர் பசை வெயிலில் விட்டுவிடும். வெப்பம் தாங்கும் பசை என்று கேளுங்கள். இரு பக்கமும் தடவி, தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே சேர்க்க வேண்டும். உள்ளே உள்ள பஞ்சு பொடியாகியிருந்தால் அதன் மேலேயே ஒட்டாமல் முழுவதும் சுரண்டிவிட்டுப் புதிது வையுங்கள்.

கிளவ் பாக்ஸின் அட்டைப் பெட்டியும் பூட்டும்?

பழைய அட்டையை மடிப்புகளில் பிரித்துத் தட்டையாக்கி, பைண்டிங் கடையில் கிடைக்கும் 2 மி.மீ. அட்டையில் வரைந்து வெட்டுங்கள். மடிப்புக் கோட்டைப் பாதி ஆழம் கீறி மடித்து, ரிவெட் அடித்து, அரக்கு வார்னிஷ் இரண்டு கோட் பூசினால் ஈரம் ஏறாது. பூட்டுக்குத் திண்டுக்கல் இருக்கவே இருக்கிறது. பூட்டு உடம்பு இருந்தால் சாவி செய்து தருவார்கள். நாக்கு தேய்ந்திருந்தால் பித்தளையில் அரம் போட்டு நாக்கும் செய்வார்கள்.

எச்சரிக்கை விளக்குகளுக்கு எல்இடி போடலாமா?

மீட்டர் வெளிச்சத்துக்குப் போடலாம். 2.2 வாட் பழைய பல்பின் சூடு ரெசின் லென்ஸைக் கோணச் செய்யும், எல்இடியில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை உடம்பில் பூட்டியிருக்கும். அங்கே சாதாரண எல்இடி எரியாது. ஆல்டர்னேட்டர் மாற்றிய வண்டியில் சார்ஜ் விளக்கை மட்டும் பல்பாகவே விடுங்கள். அந்தப் பல்பின் வழியே போகும் கரண்டால்தான் ஆல்டர்னேட்டர் எழுகிறது.

புதிதாகச் செய்த பாகங்கள் விண்டேஜ் பதிவுக்குத் தடையா?

2021 ஜூலையில் வந்த மத்திய விதிகளின்படி 50 ஆண்டுக்கு மேற்பட்ட இரு, நான்கு சக்கர வண்டிகளுக்கு ‘விஏ’ எழுத்துள்ள தனி எண் உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜின் மாற்றியிருக்கக்கூடாது என்பதே நிபந்தனை. பழையதைப் போலவே செய்த நாப்பும் வளையமும் அந்த வடிவத்தைக் காப்பவைதான். டேஷ்போர்டையே வெட்டிப் புது மீட்டர் பொருத்துவது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள்.

ஒன்று மட்டும் செய்யலாமா, கூடுதலாகச் செய்வதா?

அச்சு கையில் இருக்கும்போது குறைந்தது நான்கு வார்த்து வையுங்கள். கவனமாகக் கையாண்டால் ஒரு சிலிக்கான் அச்சு இருபது வார்ப்பு தரும், ஆனால் அலமாரியில் இரண்டு வருடம் கிடந்தால் கிழியத் தொடங்கும். ஆகவே மூலப் பிரதியை எறியாமல், அளவு எழுதிய தாளோடு, சூடு படாத இடத்தில் வையுங்கள். அச்சு போனாலும் மூலம் இருந்தால் மறுபடி எடுக்கலாம். அதே வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். விற்பதானால் கம்பெனிச் சின்னம் பொறித்த பாகங்களை விற்காமல் இருப்பது நல்லது.